கண் மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மாவட்டக் கண் மருத்துவமனை ஒன்றின் ஆலோசனை மேசையில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்த அனுபவத்திலிருந்து இந்தக் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நோயாளிகளும் அவர்களுடன் வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. இவற்றைப் படிப்பது பரிசோதனைக்கு ஈடாகாது. எப்போது புறப்பட வேண்டும் என்று முடிவு செய்ய மட்டும் உதவும்.

கண்ணில் வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. பிறகு எதற்கு மருத்துவர்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் முதலில் வருகிறது. பலர் தாமதமாக வருவதற்கும் இதுவே காரணம். பார்வையை நிரந்தரமாகப் பறிக்கும் நோய்களில் பெரும்பாலானவை வலிப்பதில்லை. கண்நீர் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா, பக்கப் பார்வையை ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகத் தின்றுகொண்டே வரும்; நடுப்பார்வை கடைசிவரை தெளிவாக இருப்பதால் செய்தித்தாள் படிப்பவருக்குக்கூட எதுவும் தோன்றாது. நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடிக்கிறது, எதிரே வரும் சைக்கிள் திடீரென்று முளைத்ததுபோல் இருக்கிறது என்று அவர் சொல்லும் கட்டத்தில் பார்வை நரம்பின் பெரும்பகுதி அழிந்திருக்கும். அழிந்த நரம்பை மீட்க இன்று எந்த மருந்தும் இல்லை. எஞ்சியிருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும்.

இன்னொரு காரணம், நமக்கு இரண்டு கண்கள் இருப்பது. ஒன்று மங்கினால் மற்றொன்று அதன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. தையல்காரர் ஒருவர் வலக்கண்ணில் வழிந்த வியர்வையைத் துண்டால் துடைத்தபோது, எதிரே இருந்த தையல் இயந்திரமே மறைந்துபோனதைக் கண்டு பதறி வந்தார். இடக்கண்ணில் பார்வை போய் எத்தனை மாதங்கள் ஆயின என்று அவருக்கே தெரியவில்லை. "வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே" என்றார். அது உண்மைதான்.

ஆகவே, மாதம் ஒருமுறை, கண்ணாடி அணிபவராக இருந்தால் அதை அணிந்தபடியே, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, சுவரில் தொங்கும் நாள்காட்டியை மற்றொரு கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். தேதி எழுத்துகள் ஒரு கண்ணுக்கு மங்கலாகவோ, கட்டங்களின் கோடுகள் வளைந்தோ தெரிந்தால் மருத்துவரைப் பார்க்க அந்தக் காரணமே போதும். ஆனால் கிளாக்கோமாவின் ஆரம்ப நிலையை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு மருத்துவமனைக் கருவிதான் வேண்டும்.

கண் மருத்துவர், ஆப்டோமெட்ரிஸ்ட், கண்ணாடிக் கடைக்காரர்: யாரிடம் போவது?

கண் மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் கண் மருத்துவத்தில் பட்ட மேற்படிப்போ பட்டயமோ பெற்றவர். நோயைக் கண்டறிந்து மருந்து கொடுப்பதும், அறுவை சிகிச்சை செய்வதும், கண்ணுக்குள் ஊசி போடுவதும் அவருடைய பணிகள். ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வை அளவீட்டில் பட்டம் பெற்றவர். கண்ணாடியின் அளவைத் துல்லியமாகக் கணிப்பதோடு, நோய் இருப்பதற்கான அறிகுறியைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்புவதும் அவர் கடமை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கும் கண் மருத்துவ உதவியாளரும் இத்தகைய முதல்நிலைப் பரிசோதனையைச் செய்வார். கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்திக் கொடுப்பவர் இவர்களில் எவரும் அல்லர், நல்ல கடைகளில் ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர் தனியாக இருப்பார் என்றாலும்.

கண்ணாடி மாற்ற மட்டும் கடைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் ஆறு மாதத்தில் இரண்டாவது முறையாகக் கண்ணாடி அளவு மாறுகிறது என்றாலோ, புதுக் கண்ணாடி போட்டும் கடைசி வரி எழுத்துகள் தெளியவில்லை என்றாலோ, கோளாறு கண்ணாடியில் இல்லை. சர்க்கரை அளவு ஏறி இறங்கினாலும், புரை வளரத் தொடங்கினாலும் அளவு இப்படி மாறும்.

பெரிய மருத்துவமனைகளில் கருவிழி, விழித்திரை, கிளாக்கோமா, குழந்தைகள் கண் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. எதற்குப் போக வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்க வேண்டியதில்லை. பொதுக் கண் மருத்துவர் பார்த்து அனுப்பினால் போதும்.

எந்த நிலையில் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது?

முதலில் சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் கையில் அழுத்தி விளையாடும்போது அது பீய்ச்சிக் கண்ணில் தெறிப்பது நம் ஊர்களில் புதிதல்ல. சுண்ணாம்பு ஒரு காரம். அமிலத்தைவிட வேகமாகத் திசுக்களுக்குள் இறங்கிக் கருவிழியை வெந்த முட்டைபோல் வெளுக்க வைத்துவிடும். ஆட்டோ தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது, இமைகளை விரல்களால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, குழாயிலோ சொம்பிலோ சுத்தமான தண்ணீரைக் குறைந்தது 20 முதல் 30 நிமிடங்கள் விடாமல் ஊற்றுவது. குழந்தை அலறும், ஆனாலும் நிறுத்தக் கூடாது. காரத்தை முறிக்க எலுமிச்சைச் சாறு விடலாமா என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. கூடவே கூடாது. கழுவிய பிறகும் இமைக்கு அடியில் சுண்ணாம்புத் துகள் ஒட்டியிருக்கும். அதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். கழிவறை சுத்தம் செய்யும் அமிலம், சிமென்ட்டுக் கலவை ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

அடுத்தது காயம். கண்ணில் குத்தி நிற்கும் கம்பியையோ முள்ளையோ பிடுங்கக் கூடாது. கழுவவும் கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பகுதியைக் கண்ணில் படாதபடி கவிழ்த்து ஒட்டி, அப்படியே அழைத்து வர வேண்டும். மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்ய நேரலாம் என்பதால் வழியில் காப்பி, இளநீர் எதுவும் கொடுக்க வேண்டாம். பட்டறையில் சுத்தியலால் அடிக்கும்போது "ஏதோ பட்டது" என்று தோன்றிப் பிறகு வலி நின்றுவிட்டாலும் வந்து காட்ட வேண்டும். மிகச் சிறிய இரும்புச் சில் கண்ணுக்குள் புகுந்து ஓசையின்றித் தங்கியிருக்கலாம்.

மூன்றாவது, திடீர்ப் பார்வை இழப்பு. வலியில்லாமல் ஒரு கண் சட்டென்று இருண்டால், விழித்திரைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். இது கண்ணுக்கு வந்த பக்கவாதம். சில மணி நேரம்தான் அவகாசம் உண்டு, சில நிமிடங்களில் பார்வை திரும்பிவிட்டாலும் அலட்சியம் செய்யக் கூடாது. கண்ணுக்குள் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி தோன்றி, கரும்புள்ளிகள் திடீரென்று கொத்தாக மிதந்து, பிறகு ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்கினால் விழித்திரை கிழிந்து விலகுகிறது என்று பொருள். விலகல் நடுப்பகுதியை எட்டுவதற்கு முன் அறுவை சிகிச்சை செய்தால் கிடைக்கும் பார்வை, எட்டிய பிறகு செய்தால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பூச்சிபோல் ஒன்றிரண்டு புள்ளிகள் ஆண்டுக்கணக்கில் மிதப்பது வேறு, நேற்று இல்லாதது இன்று கூட்டமாக வருவது வேறு.

ஒரு பக்கத் தலைவலி, வாந்தி, கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கக் கூடும். வாந்தியைப் பார்த்துப் பித்தம் என்று நினைத்து வீட்டிலேயே இரண்டு நாள் கழித்தவர்கள் உண்டு. திடீரென இமை தொங்குவதும், ஒன்று இரண்டாகத் தெரிவதும் மூளையோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்பதால், எல்லா வசதியும் உள்ள பொது மருத்துவமனைக்கே நேராகச் செல்வது நல்லது.

கதிரடிக்கும்போது நெல் தூசி விழுந்தது. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டால் போதாதா?

போதாது என்பதைவிட, ஆபத்து என்பதே சரி. நெல் உமி, கரும்புத் தோகை, மாட்டின் வால் போன்றவை கருவிழியில் நுண்ணிய கீறலை ஏற்படுத்தும்போது அவற்றோடு பூஞ்சையும் உள்ளே நுழைகிறது. தென்தமிழ்நாட்டில் விவசாய வேலை செய்பவர்களுக்கு வரும் கருவிழிப் புண்ணில் பூஞ்சைக்குப் பெரும் பங்கு உண்டு. இதற்கென்று நாட்டமைசின் என்ற சொட்டு மருந்து இருக்கிறது. புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, பூஞ்சையா பாக்டீரியாவா என்று உறுதி செய்த பிறகே அதைக் கொடுப்பார்கள்.

சீட்டு இல்லாமல் வாங்கும் மருந்தில் பல சமயம் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதை விட்ட மறுநாள் சிவப்பு குறையும், உறுத்தல் அடங்கும், மனம் நிம்மதி அடையும். உள்ளே பூஞ்சை தடையின்றிப் பரவும். பத்து நாள் கழித்துக் கருவிழியில் வெள்ளையாகப் பூ விழுந்த நிலையில் வந்தவர்களில் பலர், சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய பாட்டில் இந்த வகைதான். அதே மருந்தை மாதக்கணக்கில் விட்டால் கிளாக்கோமாவும் புரையும் வரலாம்.

தாய்ப்பால் விடுவது, நந்தியாவட்டைச் சாறு பிழிவது, நாக்கால் தூசி எடுக்கச் சொல்வது ஆகியவை அன்போடு செய்யப்படுபவைதாம். ஆனால் கீறல் பட்ட கண்ணில் இவை கிருமியை விதைக்கின்றன. தூசி விழுந்தால் தேய்க்காமல் தண்ணீரால் கழுவுங்கள். ஓரிரு மணி நேரத்தில் உறுத்தல் நிற்காவிட்டால் அன்றே பரிசோதனைக்கு வாருங்கள். காண்டாக்ட் லென்ஸ் அணிபவரின் கண் சிவந்து வலித்தாலும் இதே விதிதான்: லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே வர வேண்டும்.

மெட்ராஸ் ஐ வந்தால் மருத்துவரிடம் போக வேண்டுமா?

பெரும்பாலும் அது வைரஸால் வருவதால் ஓரிரு வாரங்களில் தானாகவே சரியாகும். பார்ப்பதால் ஒட்டாது, தொடுவதால்தான் ஒட்டும். கறுப்புக் கண்ணாடி உங்களுக்குக் கூச்சத்தைக் குறைக்குமே தவிர மற்றவரைக் காக்காது. கை கழுவுவதும் துண்டு, தலையணை உறையைத் தனியே வைத்துக்கொள்வதும் காக்கும். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனாலோ, பார்வை மங்கினாலோ, வலி கூடினாலோ, ஒரு வாரமாகியும் குறையாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தையின் கண்ணில் சீழ் வடிந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போட வேண்டாம்.

சர்க்கரை நோய் இருக்கிறது, ஆனால் பார்வை நன்றாகத் தெரிகிறது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும்?

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால், கண்டுபிடிக்கப்பட்ட அன்றே கண் பரிசோதனைக்கும் நேரம் வந்துவிட்டது. ஏனெனில் இரத்தப் பரிசோதனையில் தெரிவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சர்க்கரை உடலில் இருந்திருக்கலாம். முதல் வகை நோய் உள்ளவர்களுக்குத் தொடங்கி 5 ஆண்டுகளுக்குள் முதல் பரிசோதனை வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. விழித்திரையில் மாற்றம் தெரிந்தால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் ஒருமுறை பார்க்க வேண்டும், கர்ப்பகாலத்தில் விழித்திரைப் பாதிப்பு வேகம் பிடிக்கக் கூடும்.

விழித்திரையின் மெல்லிய இரத்தக்குழாய்கள் முதலில் கசிகின்றன, பிறகு அடைபடுகின்றன. அடைபட்ட இடத்தில் வலுவற்ற புதுக் குழாய்கள் முளைத்து, ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டுகிறது. அந்த நாள்வரை நோயாளி எல்லா எழுத்தையும் படித்துக்கொண்டிருப்பார். லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் அதற்கு முன் செய்தால் நல்ல பலன் தரும். "சர்க்கரை இப்போ கன்ட்ரோல்ல இருக்கு" என்பது நல்ல செய்தி என்றாலும், பரிசோதனையைத் தவிர்ப்பதற்கான காரணம் அல்ல.

நாற்பது வயதாகிவிட்டது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இது நோயா?

இல்லை. வெள்ளெழுத்து என்றும் சாளேசரம் என்றும் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நெகிழ்வை இழப்பதால் கிட்டப் பொருள் தெளிவதில்லை; படிப்பதற்கான கண்ணாடி போதும். ஆனால் நடைபாதையில் விற்கும் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு அத்தோடு நிறுத்திவிட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவேன். கிளாக்கோமாவைத் தேடிப் பார்க்கத் தொடங்க வேண்டிய வயதும் இதுவே. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அந்நோய் இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். அழுத்தம் அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு பாதிக்கப்படுபவர்கள் உண்டு என்பதால், அழுத்தத்தை மட்டும் அளந்து அனுப்பிவிடாமல் நரம்பையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

புரை நன்றாக முற்றிய பிறகுதானே ஆபரேஷன் செய்ய வேண்டும்?

அது பழைய அறுவை முறையின் காலத்தில் வழங்கிய பேச்சு. அன்று லென்ஸை முழுதாக வெளியே எடுத்தார்கள். பிறகு சோடாப் புட்டிக் கண்ணாடிதான் கதி. இன்று சில மில்லிமீட்டர் கீறல் வழியாகப் புரையைக் கரைத்தெடுத்தோ, சற்றுப் பெரிய கீறல் வழியாக எடுத்தோ, உள்ளேயே செயற்கை லென்ஸை வைத்துவிடுகிறார்கள். ஆகவே முற்றக் காத்திருப்பதில் லாபமில்லை. முற்றிக் கெட்டியான புரையை எடுப்பது கடினம், சில சமயம் அது வீங்கிக் கண் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். உங்கள் வேலைக்கு இடைஞ்சலாகிவிட்டது என்றால் அதுவே சரியான நேரம். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்வதும், படியிறங்கத் தயங்குவதும், அரிசியில் கல் பொறுக்க முடியாமல் போவதும் போதுமான காரணங்கள். மாத்திரை, சொட்டு மருந்து எதுவும் புரையைக் கரைக்காது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை நாளுக்கு நாள் தெளிய வேண்டும். மாறாக வலியும் சிவப்பும் கூடி, பார்வை குறைந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். மறுபரிசோதனைத் தேதி அடுத்த வாரம்தானே என்று இருந்துவிடாமல் அன்றைக்கே வர வேண்டும், இரவாக இருந்தாலும்.

இலவச முகாமில் வைக்கும் லென்ஸ் மட்டமானதா?

இந்தச் சந்தேகத்தைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஒரு காலத்தில் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, விலையும் எட்டாத உயரத்தில் இருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து, 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனம் மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. விலை பல மடங்கு குறைந்தது, வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. மடிக்கக்கூடிய லென்ஸ், மடிக்க முடியாத லென்ஸ் என்று வகையில் வேறுபாடு உண்டு. கீறலின் அளவும் குணமாகும் வேகமும் அதற்கேற்ப மாறலாம். இரண்டிலும் பார்வை கிடைக்கும்.

குழந்தைக்கு மாறுகண். அதிர்ஷ்டம் என்கிறார்களே?

குழந்தையின் மூளை, மாறிய கண்ணிலிருந்து வரும் படத்தை ஒதுக்கிவைத்துவிடும். அந்தக் கண் சோம்பேறிக் கண் ஆகிவிடும். ஏழு, எட்டு வயதுக்குள் கண்ணாடி, நல்ல கண்ணை மூடிப் பயிற்சி கொடுத்தல் ஆகியவற்றால் பெரும்பாலும் மீட்கலாம், பிறகு கடினம். திருமணப் பேச்சு வரும்போது கண்ணை நேராக்கக் கேட்டு வருகிறார்கள். நேராக்க முடியும், பார்வையைத் தர முடிவதில்லை. அதிர்ஷ்டம் என்று சொன்ன பாட்டி அப்போது பதில் சொல்ல இருக்கமாட்டார்.

கண் பாப்பாவில், அதாவது கண்ணின் நடுவே இருக்கும் கறுப்பு வட்டத்தில், வெள்ளையாக ஏதோ மின்னினாலோ, செல்போனில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெண்மையாகவும் விழுந்தாலோ அதே வாரத்தில் காட்டுங்கள். அது புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். புற்று என்றால் உயிரையே காக்கும் அவசரம் அது. குறைமாதத்தில், அதாவது 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். குழந்தை இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறது என்றாலும் நீங்களே கேட்டு நினைவூட்டுங்கள்.

எந்தக் குறையும் தெரியாத பிள்ளைக்கும் பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை பரிசோதனை நல்லது. கரும்பலகை தெரியாத பிள்ளை "தெரியவில்லை" என்று சொல்லாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா?

ஏறாது. பிள்ளை வளரும்போது கண் பந்தும் நீள்வதால் கிட்டப்பார்வை கூடுகிறது, பழி கண்ணாடிமேல் விழுகிறது. பொன்னாங்கண்ணிக் கீரை உடம்புக்கு நல்லது, ஆனால் கண்ணாடியைக் கழற்ற வைக்காது. தினமும் வெயில் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் விளையாடுவது, கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போட உதவுகிறது.

பரிசோதனைக்கு ஏன் அரை நாள் ஆகிறது?

பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்துதான் காரணம். பாப்பா ஒரு சாவித்துவாரம் மாதிரி. அதை விரித்தால்தான் உள்ளே அறையின் மூலைகள் தெரியும். மருந்து வேலை செய்ய அரை மணிக்கு மேல் ஆகலாம். பிறகு சில மணி நேரம் எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். அன்று இருசக்கர வண்டியை நீங்களே ஓட்டி வராமல், துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். "சொட்டு மருந்து வேண்டாம், சும்மா பாருங்கள்" என்று கேட்பவர்கள், சர்க்கரை நோயாளிகளாக இருந்தால், வந்த வேலையையே வேண்டாம் என்கிறார்கள்.

வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறேன். அதைக் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

அவசியம் சொல்ல வேண்டும். காசநோய்க்குத் தரும் எத்தாம்புடால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். சிவப்பும் பச்சையும் மங்குவது அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். மூட்டுவாதத்துக்கு ஆண்டுக்கணக்கில் உண்ணும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் விழித்திரையில் படியக் கூடும் என்பதால், தொடங்கிய முதல் ஆண்டில் ஒருமுறையும், 5 ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். இந்த மருந்துகளை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

வரும்போது எதையெல்லாம் கொண்டு வர வேண்டும்?

இப்போது அணியும் கண்ணாடி, முன்பு பார்த்த சீட்டுகள், சர்க்கரை மற்றும் இரத்த அழுத்த மாத்திரைகளின் அட்டை, கண்ணில் விடும் எல்லாச் சொட்டு மருந்துகளும். யாரோ கொடுத்தது, பெயர் தெரியாதது, மருத்துவர் திட்டுவாரோ என்று மறைக்கத் தோன்றுவது ஆகியவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காலிப் பாட்டிலாக இருந்தாலும் எடுத்து வாருங்கள்; அதன் ஒட்டுச்சீட்டில் இருக்கும் ஒரு வரி, சில சமயம் பல நாள் சிகிச்சையின் திசையையே மாற்றிவிடுகிறது.